ஒரு பாட்டின் விலை இரண்டு படம்

இருபது, இருபத்தைந்து வருடப் பழைய குட்டி டிஜிட்டல் கேமராக்களுக்கு இளைஞர்களிடையே மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. அந்தக் கூட்டத்தில் ஒரு விநோதப் பிறவி, ஃபியூஜிஃபிலிம் 2000-இல் வெளியிட்ட ஃபைன்பிக்ஸ் 40ஐ. படம் எடுக்கும், ஹெட்போன் மாட்டினால் எம்பி3 பாட்டும் பாடும். அது நல்ல கேமராதானா, நல்ல பாட்டுப்பெட்டிதானா என்று தனித்தனியாகக் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. ஒரே மெமரி கார்டையும் ஒரே ஜோடி பேட்டரியையும் இரண்டு வேலைகளும் எப்படிப் பங்கு போட்டுக்கொண்டன என்று பார்க்க வேண்டும்.

அன்றைய நிலவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ரியோ பிஎம்பி300 என்ற கையடக்க எம்பி3 கருவி 1998-இல் வந்து, இசைக் கம்பெனிகளின் வழக்கையும் தாண்டி விற்றது. 1999-இல் நாப்ஸ்டர் என்ற பாட்டுப் பகிர்வுச் சேவை வந்ததும் கணினிகளில் பாட்டுகள் குவிந்தன. ஐபாட் வர இன்னும் ஓராண்டு இருந்தது. ரியோவுக்குள்ளும் கேமராவுக்குள்ளும் இருந்தது ஒரே வகை ஃபிளாஷ் மெமரி என்பதால், இரண்டையும் ஒரே உடலில் திணிக்கலாமே என்று பொறியாளர்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

முதலில் கேமராவைப் பார்ப்போம். படத்தின் அளவு 2400 × 1800, அதாவது 43 லட்சம் புள்ளிகள். ஆனால் உள்ளே இருந்த ‘சூப்பர் சிசிடி’ சென்சாரில் ஒளியை வாங்கும் கண்கள் சுமார் 24 லட்சம்தான். மீதியைக் கேமரா கணக்குப் போட்டு நிரப்பியது. ஏமாற்று வேலை என்று அப்போதே கொதித்தவர்கள் உண்டு. முழு ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. ஃபியூஜி அந்த எண்கோணக் கண்களை நேர்வரிசையில் அடுக்காமல் 45 பாகை சாய்த்து, கோலப்புள்ளியில் ஊடுபுள்ளி வைப்பதுபோல் அடுக்கியிருந்தது. இந்த அடுக்கில் கிடைக்கோடும் செங்குத்துக் கோடும் கூடுதல் தெளிவாகப் பதியும். கட்டடம், கதவு, அடிவானம் என நாம் பார்க்கும் கோடுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு வகைதான். சாய்வுக் கோடுகளுக்கு இந்தச் சலுகை இல்லை. அதற்காக 43 லட்சம் என்று அட்டைப்பெட்டியில் போட்டது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். 30 லட்சம் புள்ளிக் கேமராக்களோடு ஒப்பிட்டால் நியாயமாக இருந்திருக்கும்.

நடைமுறையில் இந்தச் சண்டைக்கு அவ்வளவு மதிப்பில்லை. நான்குக்கு ஆறு அங்குலப் பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 1800 × 1200 போதும். அது 21.6 லட்சம். ஆல்பத்தில் ஒட்டும் படத்துக்கு உள்ளே இருந்த 24 லட்சமே தாராளம். என் கண்ணில் பெரிய குறை ஜூம் இல்லாததுதான். ஃபிலிம் கேமரா கணக்கில் 36 மிமீ லென்ஸ் ஒன்று நிலையாக இருந்தது. நண்பரின் முகம் பெரிதாக வேண்டுமென்றால் நாம்தான் நடந்து கிட்டே போக வேண்டும். சட்டைப்பையில் அடங்கும் உருவத்துக்குக் கொடுத்த விலை அது.

உண்மையான இழுபறி கார்டில் இருந்தது. ஸ்மார்ட்மீடியா கார்டு 0.76 மிமீ தடிமன் உள்ள மெல்லிய தகடு. தங்க நிறத் தொடுபரப்பு வெளியே தெரியும், விரல் ரேகை பட்டாலே மனம் பதறும். அப்போது 64 எம்பி கார்டு என்றால் பெரிய கார்டு. 128 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு எம்பி பிடிக்கும். நான்கு நிமிடப் பாட்டு 4 எம்பிக்குச் சற்றுக் குறைவு. உயர்தரத்தில் எடுத்த ஒரு படம் சுமார் 1.7 எம்பி. ஆக, ஒரு பாட்டை ஏற்றினால் இரண்டு படம் போச்சு. எட்டுப் பாட்டோடு சுற்றுலா கிளம்பினால், 20 படம் எடுப்பதற்குள் இடம் தீர்ந்துவிடும். கடற்கரையில் சூரியன் மறையும் நேரத்தில் எந்தப் பாட்டை அழிப்பது என்று யோசித்து நிற்க வேண்டியதுதான்.

பாட்டை ஏற்றுவதும் சுலபமில்லை. திருட்டு நகல் பயத்தில் இசைத்துறை இருந்த காலம் அது. அடையாள எண் பொறித்த கார்டு வேண்டும், கூடவே வந்த மென்பொருள் வழியாகத்தான் அனுப்ப வேண்டும்.

பேட்டரியும் இதே கதைதான். டபுள்-ஏ அளவில் இரண்டு. ஃபிளாஷும் பின்பக்கத் திரையும் சட்டென்று நிறைய மின்சாரம் இழுப்பவை. சாதாரண அல்கலைன் பேட்டரி அதற்குத் தாங்காது, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு தேவை. காலையில் ரயிலில் பாட்டுக் கேட்டுக்கொண்டே போனவருக்கு, மாலை விருந்தில் ஃபிளாஷ் ஏறாது. தனித்தனிக் கருவி வைத்திருந்தவருக்கு ஒன்று சோர்ந்தாலும் மற்றது நிற்கும். இதில் இரண்டும் ஒன்றாகப் படுத்துவிடும்.

இந்தச் சிக்கலை மற்றவர்கள் வேறு விதமாக அணுகினார்கள். கோடாக் 2001-இல் விட்ட எம்சி3, படத்தை 640 × 480-க்குச் சுருக்கி, பாட்டையும் வீடியோவையும் முன்னால் தள்ளியது. கேசியோவின் எக்ஸிலிம் எம்1 2002-இல் 12.4 மிமீ தடிமனுக்கு இளைத்தது, ஆனால் ஃபோகஸ் நிலையானது, 12.4 லட்சம் புள்ளிதான். மூன்றிலும் படத்தரத்தை விட்டுக்கொடுக்காதது 40ஐ என்பதால் என் ஓட்டு அதற்கே. இதற்கிடையே 2001 அக்டோபரில் 5 ஜிபி வட்டுடன் ஐபாட் வந்து, 64 எம்பியைப் பரிதாபமாக்கிவிட்டது. படமும் பாட்டும் ஓரளவு சமாதானமாக வாழ்ந்தது 2005-இன் சோனி எரிக்சன் டபிள்யூ800 போனில். அது 20 லட்சம் புள்ளிக் கேமராவோடு, 512 எம்பி கார்டும் பெட்டியிலேயே சேர்ந்து வந்தது.

இன்று 40ஐ கைக்கு வந்தால் முதலில் பேட்டரி மூடியைத் திறந்து, பச்சைத் துரு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். டபுள்-ஏ இன்றும் பெட்டிக்கடையில் கிடைப்பது இதன் அதிர்ஷ்டம். தனக்கென்று தனி லித்தியம் பேட்டரி கேட்கும் கேமராக்கள் பல அது இல்லாமலே செத்துப்போயின. கார்டு சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள். ஸ்மார்ட்மீடியா 128 எம்பியோடு வழக்கொழிந்துவிட்டது, ரீடரும் தேடித்தான் வாங்க வேண்டும். ஹெட்போன் கம்பியில் வரும் ரிமோட்டும், அந்தக் காலத்து விண்டோஸ் ஓடும் கணினியும் இல்லையென்றால் பாட்டை மறந்துவிட்டு, படத்துக்கு மட்டும் விலை பேசுங்கள்.