எத்தனை கேவிஏ போதும்?

சக்கரத்தில் ஓடும் வீட்டுக்கு ஜெனரேட்டர் வாங்குபவர்களைத் திணற வைப்பது ஒரே ஒரு சாதனம்தான்

கட்டில், சமையல் மேடை, கழிப்பறை, டிவி, மைக்ரோவேவ், கூரையில் ஏ.சி. வீட்டில் உள்ளதெல்லாம் கேரவனிலும் உண்டு, மின்வாரியத்தின் கம்பியைத் தவிர. கேரவன் சுற்றுலாவுக்கென்றே 2021இல் கேரள அரசு ஒரு கொள்கையை அறிவித்தது. மறு ஆண்டே வாகமணில் கேரவன் பூங்கா வந்தது. சினிமா நட்சத்திரங்களின் அடையாளமாக இருந்த வண்டி இப்போது குடும்பங்களுக்கும் வாடகைக்குக் கிடைக்கிறது. பூங்காவில் நிறுத்தினால் பிளக்கைச் செருகிக்கொள்ளலாம். வழியில் நிறுத்தினால் ஜெனரேட்டர்தான் கதி.

எவ்வளவு பெரிய ஜெனரேட்டர் என்பதில்தான் குழப்பம். வட இந்தியக் கடைத்தெருக்களில் 1990களில் மின்சாரம் போனதும் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றப்பட்ட ஸ்ரீராம் ஹோண்டா பெட்டிகளை நினைவிருப்பவர்களுக்குக் கணக்கு சுலபம்: எத்தனை டியூப் லைட், எத்தனை ஃபேன், கூட்டு. கேரவனில் அந்தக் கூட்டல் ஏமாற்றிவிடும். ஒரு டன் ஏ.சி. சுமார் 1,100 வாட், சிறிய ஃப்ரிட்ஜ் 100, விளக்கும் ஃபேனும் செல்போன் சார்ஜரும் சேர்ந்து 150. ஆக மொத்தம் 1,350. '2.2' என்று எழுதிய பெட்டி தாராளமாகப் போதும் என்று தோன்றும்.

போதாது. முதலாவதாக, அட்டையில் பெரிதாக எழுதியிருப்பது சில நிமிடங்களுக்கான உச்ச அளவு. 2.2 கேவிஏ ஜெனரேட்டர் மணிக்கணக்கில் தருவது 1.8 கேவிஏ அளவில்தான் இருக்கும். இரண்டாவது, பழைய ரக ஏ.சி.யின் கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போல மூன்று நான்கு மடங்கு இழுக்கும். ஜெனரேட்டர் ஒரு முறை தொண்டையைச் செருமிவிட்டு அணைந்துபோகும். கடைக்காரர் உடனே 5 கேவிஏவைக் காட்டுவார். அதற்கு முன் ஏ.சி.யை மாற்ற முடியுமா என்று பார்ப்பது புத்திசாலித்தனம். இன்வெர்ட்டர் ரக ஏ.சி. மெதுவாகத் தொடங்கி வேகம் பிடிப்பதால் அந்த முதல் உதை இல்லை. மைக்ரோவேவிலும் ஒரு சூது உண்டு. '800 வாட்' என்பது அது உணவுக்குக் கொடுக்கும் சக்தி. பிளக்கிலிருந்து எடுப்பது 1,200 வாட்டுக்குக் குறையாது. ஏ.சி. ஓடும்போது அதைத் தொடாமல் இருப்பதே சிக்கனம்.

மலை ஏறினால் கணக்கு மீண்டும் மாறும். காற்று மெலிய மெலிய எஞ்சின் திணறும். 300 மீட்டருக்கு ஏறத்தாழ மூன்றரை சதவீதம் சக்தி குறையும். 1,500 மீட்டர் உயரத்து மூணாறில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். 3,500 மீட்டரில் இருக்கும் லேயில் ஐந்தில் இரண்டு பங்கு. அங்கே ஏ.சி. வேண்டாம்தான், ஆனால் 1,500 வாட் ஹீட்டர் வேண்டுமே!

அதற்காகப் பெரிதாகவே வாங்கிவிடலாம் என்றால் எடை தடுக்கிறது. 2 கேவிஏ இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் 20 கிலோ சொச்சம். ஒருவரே இறக்கித் தள்ளி வைத்துவிடலாம். 3 கேவிஏ என்றால் 60 கிலோவை எட்டும். அதை யார் இறக்குவது? வண்டியிலேயே இருந்துவிடும், புகையோடு.

அந்தப் புகை என்ன செய்யும் என்பதை 2024 டிசம்பரில் வடகரை காட்டியது. சாலையோரம் நிறுத்தப்பட்ட கேரவனில் ஏ.சி. போட்டு ஓய்வெடுத்த இருவர் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார்கள். கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியில் சோதனை நடத்தினார்கள். ஜெனரேட்டர் வெளியிட்ட கார்பன் மோனாக்சைடு தளத்திலிருந்த துளை வழியே உள்ளே வந்திருந்தது. இரண்டு மணி நேரத்தில் அதன் அளவு காற்றில் பத்து லட்சத்தில் 957 பங்கு. 800 பங்கே இரண்டு மூன்று மணி நேரத்தில் உயிரைக் குடிக்கக்கூடியது. நிறமில்லை, வாசனையில்லை, தூங்குபவருக்குத் தெரிய வழியே இல்லை.

ஆக, எத்தனை கேவிஏ என்ற கேள்வி உண்மையில் இரவு ஏ.சி. பற்றிய கேள்வி. ஜெனரேட்டரைப் பெரிதாக்க வைப்பதும் அதுதான், தூங்கும்போது ஓட வைப்பதும் அதுதான். ஜெனரேட்டரை வண்டியிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் எதிர்த்திசையைப் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்கிறது அமெரிக்க அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம். மழையிலும் திருட்டு பயத்திலும் சாலையோரத்தில் அதை எத்தனை பேர் செய்வார்கள்? இரவைப் பேட்டரிக்கு விட்டுவிடுவது சுலபம். குளிர்ந்துவிட்ட சிறிய அறையில் இன்வெர்ட்டர் ஏ.சி. சராசரியாக 600 வாட் எடுத்தால் எட்டு மணி நேரத்துக்கு 4.8 யூனிட். ஆறு யூனிட் லித்தியம் பேட்டரி அதைத் தாங்கும். பகலில் எல்லோரும் வெளியே இருக்கும்போது, தள்ளி வைத்த 2 கேவிஏ ஜெனரேட்டர் நான்கைந்து மணி நேரத்தில் அதை நிரப்பிவிடும். பேட்டரியின் விலை ஜெனரேட்டரைவிடக் கூடுதல். கார்பன் மோனாக்சைடு அலாரம் சில ஆயிரம் ரூபாய்தான். வாடகைக்கு எடுப்பவர்கள் ஏ.சி. குளிர்கிறதா என்று பார்க்கும்போதே அது கட்டிலருகே இருக்கிறதா, அழுத்தினால் அலறுகிறதா என்றும் பார்த்துவிடலாம்.