தரைத்தள வீட்டின் தோட்டம் யாருக்குச் சொந்தம்?

கெடாவில் பாக்கார் ஆராங், பீடோங், பாடாங் மெய்ஹா பக்கம் வளர்ந்த நம்மவர்களுக்கு வீடு என்றால் வாசலில் ஒரு கறிவேப்பிலைச் செடியும் பின்புறம் ஒரு முருங்கை மரமும் இருக்க வேண்டும். லயத்து வீடுகளிலிருந்து தாமான் வீடுகளுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அடுத்த தலைமுறை பினாங்கிலும் கோலாலம்பூரிலும் வேலைக்குப் போனது. தஞ்சோங் தோக்கோங், பங்சார், மோண்ட் கியாரா போன்ற வசதியான வட்டாரங்களில் தரை வீடு வாங்குவது பெரும்பாலோருக்கு எட்டாத காரியம். அதனால்தான் ‘தனித் தோட்டத்துடன் கூடிய தரைத்தள கொண்டோ வீடு’ என்ற விளம்பரம் மனத்தை இழுக்கிறது. அந்தத் தோட்டத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்கவும் பலர் தயாராக இருக்கிறார்கள்.

கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: அந்தத் தோட்டம் பட்டாவில் என் பெயரில் வருமா, அல்லது பயன்படுத்திக்கொள்ள அனுமதி மட்டும்தானா?

சட்டம் எப்படிப் பிரிக்கிறது?

தீபகற்ப மலேசியாவில் அடுக்குமாடி வீடுகளின் உரிமையை 1985ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா பட்டா சட்டமும், அவற்றின் பராமரிப்பை 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டமும் ஒழுங்குபடுத்துகின்றன. தரைத்தளத் தோட்டம் பெரும்பாலும் மூன்று வகைகளில் ஒன்றாக இருக்கும்.

முதல் வகை, துணைப் பகுதி. மலாயில் ‘பெத்தாக் அக்செசோரி’ என்பார்கள். உங்கள் வீட்டுடன் சேர்த்துப் பயன்படுத்துவதற்கென்று ஸ்ட்ராட்டா வரைபடத்தில் எண் போட்டுக் குறிக்கப்பட்ட இடம் இது. இந்த வகைத் தோட்டம் உங்கள் சொத்து. ஆனால் வீட்டிலிருந்து பிரித்துத் தோட்டத்தை மட்டும் விற்கச் சட்டத்தின் 69ஆம் பிரிவு இடம் தராது.

இரண்டாம் வகை, பொதுச் சொத்து. மலாயில் ‘ஹர்த்தா பெர்சாமா’. உங்கள் வரவேற்பறைக் கதவைத் திறந்தால் நேராகப் புல்தரை. சுற்றிலும் வேலி, வேறு யாரும் உள்ளே வர வழியில்லை. பார்த்தால் உங்களுடையது போலவே இருக்கும். பட்டாவில் மட்டும் அது எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொது. பொதுச் சொத்தின் எந்தப் பகுதியையும் நிர்வாகத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் சொந்தத் தோட்டமாக ஆக்கிக்கொள்ளக் கூடாது என்று 2015ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாக விதிமுறைகளில் உள்ள துணைவிதிகள் தடுக்கின்றன. ஒப்புதல் கிடைத்தாலும் அது அனுமதியே தவிர உடைமையாகாது. நாளை நீங்கள் வீட்டை விற்றால், வாங்குபவருக்கு அந்த அனுமதி தானாகவே போய்ச் சேரும் என்றும் எண்ண முடியாது.

மூன்றாம் வகை, நிலப் பகுதி. காவலுள்ள வேலியிட்ட குடியிருப்புகளில் தரை வீடுகளுக்கே ஸ்ட்ராட்டா பட்டா தருகிறார்கள். இங்கே வீடும் அதைச் சுற்றிய நிலமும் ஒரே பகுதி. சாலை, பூங்கா, காவல் கூண்டு ஆகியவை மட்டுமே பொது. சொந்த மண் வேண்டும் என்பதே உங்கள் முதல் ஆசை என்றால், இந்த வகையையும் விசாரித்துப் பாருங்கள்.

இந்த வேறுபாட்டின் எடை தோட்டப்புற மக்களுக்குப் புரியாததல்ல. கெடாவின் ரப்பர் தோட்டங்களில் நம் முன்னோர் லயத்தைச் சுற்றிக் கீரையும் வாழையும் மரவள்ளியும் போட்டுத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். உழைப்பு அவர்களுடையது, நிலம் கம்பெனியுடையது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோதும், வீடமைப்புத் திட்டங்களுக்காக அழிக்கப்பட்டபோதும், நட்டவர்கள் என்பதற்காக அந்த மண்ணில் அவர்களுக்கு உரிமை பிறக்கவில்லை. அந்த அனுபவம் உள்ள சமூகம், லட்சக்கணக்கில் கடன் எடுத்து வாங்கும் வீட்டில் அனுபோகத்தையும் உரிமையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மாதச் செலவு

தோட்டம் துணைப் பகுதியாக இருந்தால் பராமரிப்புக் கட்டணமும் கூடும். கட்டணம் ‘பங்கு அலகு’ கணக்கில் விதிக்கப்படுகிறது. வீட்டின் பரப்பளவோடு துணைப் பகுதியின் பரப்பளவும் அதில் சேரும். ஆனால் துணைப் பகுதிக்கு எடைமதிப்பு குறைவு. இதற்கு மேல் எதிர்காலப் பெரும் பழுதுகளுக்கான சேமிப்பு நிதி தனி. பொதுவாக அது கட்டணத்தில் 10 விழுக்காடு. மாதம் 400 ரிங்கிட் கட்டணம் என்றால் 40 ரிங்கிட் அந்த நிதிக்குப் போகும். தோட்டக்காரர் கூலி, உரம், தண்ணீர் ஆகியவை உங்கள் கணக்கு.

மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது?

உரிமை உறுதியானாலும் விரும்பியதையெல்லாம் நட்டுவிட முடியாது. பல கொண்டோக்களில் ‘தரைத்தள’ தோட்டத்துக்குக் கீழே கார் நிறுத்துமிடம் இருக்கும். நீங்கள் பார்ப்பது காங்கிரீட் தளத்தின் மேல் கொட்டிய மண். ஈரமான மண் ஒரு கன மீட்டருக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் கனக்கும். 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலத் தோட்டத்தில் 30 சென்டிமீட்டர் மண் போட்டாலே 22 டன் தாண்டிவிடும். பொறியாளர் கணக்கிட்ட ஆழத்துக்கு மேல் மண் கொட்டுவது ஆபத்து.

வேரும் அப்படித்தான். மண்ணுக்கும் காங்கிரீட்டுக்கும் நடுவில் நீர்க்கசிவுத் தடுப்புப் படலம் ஒன்று இருக்கும். மாமரம், பலா போன்றவற்றின் வேர் அதைக் கிழித்தால் கீழ்த்தளத்தில் தண்ணீர் சொட்டும். கூரையில் கசிவு என்று புகார் வந்தால் நிர்வாகம் 7 நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை பழுது மேலே உள்ள பகுதியில்தான் என்று விதிமுறை அனுமானிக்கிறது. அந்தச் செலவு உங்கள் தலையில் விழலாம். கறிவேப்பிலை, துளசி, மல்லிகை, மிளகாய், வெற்றிலை ஆகியவற்றைப் பெரிய தொட்டிகளில் வளர்த்தால் இந்தத் தொல்லை இல்லை.

தொட்டி வைத்தால் அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். ஏடிஸ் கொசுவின் முட்டை ஏறத்தாழ ஒரு வாரத்தில் பறக்கும் கொசுவாகிவிடும். வாரம் ஒரு முறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுவது டிங்கியைத் தடுக்கும் எளிய வழி. கொசு பெருக இடம் கொடுத்தால் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின் கீழ் அபராதமும் உண்டு.

கூரை போடுவது, தரைக்குக் காங்கிரீட் இடுவது, வேலியை உயர்த்துவது எதுவானாலும் நிர்வாகத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். கட்டட அமைப்பை மாற்றும் வேலைக்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதியும் தேவைப்படும்.

கையெழுத்துக்கு முன்

புதிய வீடு என்றால், வீடமைப்பு நிறுவனம் விற்பனைக்கு முன் கட்டட ஆணையரிடம் தாக்கல் செய்த பகுதி அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். விற்பனை ஒப்பந்தத்திலும் இணைப்பு வரைபடத்திலும் தோட்டம் துணைப் பகுதி எண்ணோடு இருக்கிறதா என்று பாருங்கள். விற்பனையாளரின் வாய்ச்சொல்லும் வண்ணப் படமும் போதாது. சாவி பெற்ற நாளிலிருந்து 24 மாதம் குறைபாடுகளைச் சரிசெய்யும் காலம். வடிகால் அடைப்பையும் கசிவையும் அதற்குள் எழுத்தில் தெரிவியுங்கள்.

பழைய வீடு என்றால், வழக்கறிஞரிடம் ஸ்ட்ராட்டா பட்டாவில் அதிகாரபூர்வ தேடல் செய்யச் சொல்லுங்கள். நிர்வாகத்திடம் கட்டண பாக்கி இருக்கிறதா என்று கேளுங்கள். பலத்த மழைக்குப் பிறகு ஒரு முறையும் நண்பகலில் ஒரு முறையும் தோட்டத்தைப் போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது, கட்டட நிழல் எவ்வளவு நேரம் விழுகிறது, மேல்மாடியிலிருந்து குப்பை விழுகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

பிறகு தகராறு வந்தால், முதலில் நிர்வாகக் குழு, அடுத்து ஊராட்சி மன்றத்திலுள்ள கட்டட ஆணையர். அதற்கும் மேல் ஸ்ட்ராட்டா நிர்வாகத் தீர்ப்பாயம் 250,000 ரிங்கிட் வரையிலான வழக்குகளை விசாரிக்கும். பெரும்பாலும் வழக்கறிஞர் இல்லாமலே அங்கே வாதாடலாம்.

பச்சையாக ஒரு மூலை வேண்டும் என்ற ஆசை நியாயமானது. நகரத்தில் பிறக்கும் நம் பிள்ளைகளுக்கு அது மிகவும் தேவை. தோட்டம் உங்கள் பட்டாவில் இருந்தால் உரிய விலை கொடுத்து வாங்குங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்கு உரிய விலையை மட்டும் கொடுங்கள். தோட்டத்துக்கென்று கூடுதலாக ஒரு காசும் தராதீர்கள்.