பழைய கம்ப்யூட்டர் கைக்கு வந்தா, முதல்ல ஆன் பண்ணாதீங்க!

இன்னைக்கு எபிசோட்ல பழைய ஹோம் கம்ப்யூட்டர்களைச் சரிபண்ணி உயிர் கொடுக்கிற பொழுதுபோக்கைப் பத்திப் பேசப்போறோம். பொதுவா பேசினா எதுவும் மனசுல நிக்காது. அதனால ஒரே ஒரு மெஷினை மட்டும் எடுத்துக்கிறேன்: பிபிசி மைக்ரோ.

இது என்ன மெஷின்?

பொதுமக்களுக்கு கம்ப்யூட்டர் சொல்லித்தர பிபிசி ஒரு டிவி நிகழ்ச்சி திட்டமிட்டது. அதுக்குத் துணையா கேம்பிரிட்ஜில் இருந்த ஏக்கார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்ட மெஷின்தான் இது. மாடல் பி-யில் 2 மெகாஹெர்ட்ஸ் 6502 பிராசஸர், 32 கேபி ராம். உங்க ஃபேமிலி குரூப்ல தினமும் வர்ற குட் மார்னிங் படம் பெரும்பாலும் இதைவிடப் பெருசா இருக்கும். ஆனா 1984-ல் டேவிட் பிராபென், இயன் பெல் ரெண்டு பேரும் 'எலைட்' விளையாட்டுல 8 கேலக்ஸிகளை இதுக்குள்ளதான் அடக்கினாங்க. கிரகங்களைச் சேமிச்சு வைக்கல. ஒரு சூத்திரம் வச்சு, தேவைப்படும்போது கணக்குப் போட்டு உருவாக்கினாங்க.

நமக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கு. 1984-ல் தொடங்கின 'கிளாஸ்' திட்டம் வழியா இந்தியப் பள்ளிகளுக்கு வந்த கம்ப்யூட்டர் இதுதான். இன்னொண்ணு, சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைச்ச முதல் ஆர்ம் சிப் 1985-ல் ஓடினது, பிபிசி மைக்ரோவோட இணைச்ச ரெண்டாவது பிராசஸராத்தான். உங்க கையில இருக்கிற போன் அந்தச் சிப்போட வாரிசு.

ஏன் ஆன் பண்ணக்கூடாது?

பழைய மெஷின் கிடைச்சதும் கை நேரா ஸ்விட்சுக்குத்தான் போகும். கொஞ்சம் பொறுங்க. இதோட பவர் சப்ளையில, கரண்ட் உள்ளே நுழையுற இடத்துல, காகிதத்தால் செஞ்ச பழைய வகை கெபாசிட்டர்கள் இருக்கும். நாற்பது வருஷத்துல மேல் உறையில விரிசல் விட்டு, காத்துல இருக்கிற ஈரம் உள்ளே போயிடும். அப்படியே கரண்ட் கொடுத்தா கொஞ்ச நேரத்துல அது வெடிச்சு, அறை முழுக்க நாத்தமான புகை வரும். அதனால முதல் வேலை, அதைக் கழட்டிட்டு 'எக்ஸ்2' தரமுள்ள புது கெபாசிட்டர் போடுறது. சில ரூபாய் விஷயம்தான்.

ஆனா ஒண்ணு: 230 வோல்ட் கரண்டை இந்த சப்ளை சுமார் 325 வோல்ட் டிசியா மாத்தி, ஒரு பெரிய கெபாசிட்டர்ல வச்சிருக்கும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் அந்தச் சார்ஜ் உள்ளே இருக்கலாம். இதுல பழக்கம் இல்லைன்னா அந்தப் பெட்டியை நீங்க திறக்காதீங்க. பவர் சப்ளை வேலை தெரிஞ்ச எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்கிட்ட கொடுங்க. இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல.

காதால் கண்டுபிடிக்கலாம்

சப்ளை 5 வோல்ட் சரியா தருதுன்னு மல்டிமீட்டர்ல பார்த்தாச்சா? இப்ப ஆன் பண்ணலாம். நல்ல மெஷின்னா ஒரு தாழ்ந்த சத்தம், உடனே ஒரு சின்ன 'பீப்'. தாழ்ந்த சத்தம் மட்டும் நிக்காம வந்துக்கிட்டே இருந்தா?

எனக்கு இதுல பிடிச்ச விஷயமே இதுதான். கரண்ட் வந்ததும் சவுண்ட் சிப் தானாவே கத்த ஆரம்பிக்கும். அதை அமைதிப்படுத்துறது ஆபரேட்டிங் சிஸ்டத்தோட வேலை. சத்தம் நிக்கலைன்னா ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடவே இல்லைன்னு அர்த்தம். நான் முதல்ல சந்தேகப்படுறது ராம் சிப்பை இல்ல, ராம் சிப்போட காலை. ச்சே, ரெண்டு பேரும் ஒரே மாதிரி ஒலிக்குது! நான் சொல்றது ஆபரேட்டிங் சிஸ்டமும் பேசிக்கும் எழுதியிருக்கிற 'படிக்க மட்டும்' சிப்புகள். அதோட கால்கள்ல கறுப்பு படிஞ்சு, சாக்கெட்டுல சரியா தொடாம இருக்கும். பவரை எடுத்துட்டு, சிப்பை மெதுவா நெம்பி எடுத்து, சுத்தம் பண்ணி, அதே திசையில திரும்ப அழுத்தினா பல மெஷின்கள் எழுந்து உட்காரும்.

எமுலேட்டர் இருக்கே, எதுக்கு இந்தப் பாடு?

நியாயமான கேள்வி. விளையாட மட்டும்னா எமுலேட்டர் போதும். ஆனா அந்தக் கால மாணவர்களும் ஆசிரியர்களும் எழுதின புரோகிராம்கள் இன்னும் பழைய கேசட்டுலயும் பிளாப்பியிலயும் கிடக்குது. காந்தப் பூச்சு வருஷா வருஷம் உதிருது. அதைப் படிச்சு காப்பி எடுக்க, ஓடுற மெஷின் ஒண்ணு இருந்தா வேலை சுலபம். எடுத்த பிறகுதான் எமுலேட்டருக்கே தீனி.

இன்னொரு காரணம், இந்த மெஷினை ஒரே ஆள் முழுசா புரிஞ்சுக்க முடியும். சர்க்யூட் வரைபடம் கிடைக்குது, சிப்புகளைக் கண்ணால பார்க்கலாம். இன்னைக்கு நம்ம போனை அப்படிச் சொல்ல முடியுமா?

உங்க ஸ்கூல் ஸ்டோர் ரூம்ல, மாமா வீட்டுப் பரண்ல இப்படி ஏதாவது இருந்தா, எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க. ஆன் மட்டும் பண்ணிடாதீங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.