வாடகைப் பணம் யார் கைக்கு?

வாடகை வீடு – தொடர் 9

உக்குவளை ரயில் நிலையத்தைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் நடந்தால் சுது கங்கைப் பக்கம் இறங்கும் ஒரு சிறு பாதை வரும். அதில் ஒரு மாடி வீடு. மேலே ஹாஜியார் குடும்பம். கீழே இரண்டு அறையும் ஒரு குசினியும். முன்பு அங்கே மிளகும் கறுவாவும் மூட்டை கட்டி வைத்திருந்தார்களாம், சுவரில் இன்னும் அந்த வாசம் இருக்கிறது. 2025 டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து அங்கே ஒரு தமிழ்க் குடும்பம் குடியிருக்கிறது. தாய், தகப்பன், மூன்று பிள்ளைகள், ஒரு பாட்டி.

அவர்களுக்குச் சொந்தத்தில் ஒரு வீடு இருந்தது. தோட்டத்தை விட்டு வெளியே வந்து, பல வருடம் சீட்டுப் பிடித்து வாங்கிய துண்டு நிலம், அதில் தாங்களே கட்டிய வீடு. நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மாத்தளை மாவட்டத்தின் கம்மடுவையில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. இவர்கள் வீட்டுக்குப் பின்னால் மண்மேடு இறங்கியது. சுவர் விழவில்லை, ஆனால் தரையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. வந்து பார்த்த அதிகாரிகள், இனி இங்கே படுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வாரம் பள்ளிக்கூட மண்டபத்தில் கழிந்தது.

"வாடகைக்குக் காசு தர்றாங்கன்னு சொன்னாங்கண்ணே. வீடும் கெடைச்சிருச்சு. ஆனா வீட்டுக்காரருகிட்ட எழுதி வாங்கிட்டு வாங்கன்னாங்க. அங்கதான் மாட்டிக்கிச்சு" என்றார் அந்தத் தாய்.

வீடு தர ஹாஜியாருக்கு மனம் இருந்தது. பெரிய தொகையாக முற்பணம்கூடக் கேட்கவில்லை. எழுத்து என்றதும்தான் தயங்கினார். "கையெழுத்து வெச்சா பொறகு ஊட்டை எடுக்க ஏலாதே, மகன். எங்கட வாப்பாட காலத்துல ஒரு கடையே அப்பிடித்தான் போச்சு."

இந்தத் தொடருக்காக நான் கேட்ட வாக்கியங்களில் அடிக்கடி காதில் விழுந்தது இதுதான். இதற்கு வேர் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தில் இருக்கிறது. வாடகைக்காரரைக் காப்பதற்காக வந்த சட்டம் அது. அது பொருந்தும் வீடுகளில், நிர்ணயித்த வாடகைக்கு மேல் வாங்க முடியாது. சட்டம் சொல்லும் காரணம் இல்லாமல் வெளியேற்ற முடியாது. வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் உள்ளூராட்சி மன்றத்தில் கட்டிவிடலாம், அது அவருக்கே கொடுத்ததாகக் கணக்கு. வாடகைக்காரர் இறந்தால் அவரோடு வாழ்ந்த குடும்பத்தவர் அந்த உரிமையைத் தொடரலாம். அன்று எத்தனையோ குடும்பங்களைத் தெருவுக்கு வராமல் காப்பாற்றியது இந்தச் சட்டம்தான். அதே சட்டத்தின் கீழ் ஒரு தலைமுறை நீண்ட வழக்குகளும் நடந்தன. பிறகு பல திருத்தங்கள் வந்து அதன் பிடி தளர்ந்துவிட்டது. குத்தகை முடிந்த இடத்தை மாவட்ட நீதிமன்றத்தின் மூலம் விரைவாக மீட்பதற்கென்றே 2023இல் 1ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. இன்றைக்கு எழுத்து வீட்டுக்காரருக்கும் பாதுகாப்புத்தான். அந்தச் சேதி உக்குவளைச் சந்திவரை வந்து சேரவில்லை. வாப்பா காலத்துப் பயம் மட்டும் மகனிடம் பத்திரமாக இருக்கிறது.

இலங்கையில் வாடகை உதவி என்று நிரந்தரமாக ஒன்று கிடையாது. அஸ்வெசும கிடைக்கும் குடும்பத்துக்கு அது வருமானத்துக்கான உதவி. வாடகைக்கென்று அதில் தனிப் பங்கு இல்லை. மலை சரிந்தாலோ வெள்ளம் வந்தாலோதான் அரசு வாடகையைப் பற்றி யோசிக்கிறது. டித்வாவுக்குப் பிறகு, தம் வீட்டில் இருக்க முடியாமல் போன குடும்பங்களுக்கு மாதம் 25,000 ரூபாய் வாடகை உதவி அறிவிக்கப்பட்டது. அதுவும் சில மாதங்களுக்கு மட்டும். கொழும்பு என்றாலும் உக்குவளை என்றாலும் ஒரே தொகை. ஆறு பேர் என்றாலும் இரண்டு பேர் என்றாலும் ஒரே தொகை. அவசரத்தில் அப்படித்தான் செய்ய முடியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆட்களின் எண்ணிக்கையையும் ஊரின் வாடகை நிலவரத்தையும் பார்த்துத் தொகை வகுக்கும் முறை உலகத்தில் இல்லாததல்ல.

நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வாடகைக்கு இருக்கும் பிரித்தானியாவை எடுத்துக்கொள்வோம். ஈஸ்ட்ஹாமிலோ ஹரோவிலோ உங்களுக்கு ஓர் உறவு இருந்தால் "ஹவுசிங் பெனிபிட்" என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். 1980களின் தொடக்கத்தில் வந்த அந்த உதவி, வேலை செய்யும் வயதினருக்கு இப்போது "யூனிவர்சல் கிரெடிட்" என்ற ஒரே கொடுப்பனவுக்குள் சேர்ந்துவிட்டது. தனியார் வீட்டில் இருப்பவருக்குத் தொகை எப்படி முடிவாகிறது? வீட்டுக்காரர் கேட்கும் வாடகை அப்படியே கிடைப்பதில்லை. நாட்டைப் பல வாடகைப் பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பகுதியில் இரண்டு படுக்கையறை வீடுகள் நூறு இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை குறைந்ததிலிருந்து கூடியது வரை வரிசையாக அடுக்கினால் முப்பதாவதாக எந்த வீடு நிற்கிறதோ அதன் வாடகைதான் அளவுகோல். 2008இல் நாடு முழுவதும் இந்த முறை வந்தபோது நடுவில் நிற்கும் வீட்டைத்தான் அளவாக வைத்திருந்தார்கள். 2011இல் முப்பதுக்கு இறக்கினார்கள். எத்தனை அறை என்பதைக் குடும்பத்தில் எத்தனை பேர், பிள்ளைகளுக்கு என்ன வயது, ஆணா பெண்ணா என்று பார்த்து முடிவு செய்கிறார்கள். 35 வயதுக்குக் கீழே தனியாக இருப்பவருக்குப் பெரும்பாலும் பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்கான தொகைதான். இதற்கெல்லாம் மேலே மொத்த உதவிக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. லண்டனில் ஒரு குடும்பத்துக்கு வருடம் 25,323 பவுண்.

முறை நல்லதுதான். சிக்கல் எங்கே என்றால், வாடகை வருடா வருடம் ஏறும், அளவுகோலை அரசு அசையாமல் நிறுத்திவிடும். 2016இலிருந்து நான்கு வருடம் அப்படி நிறுத்தினார்கள். 2020இல் ஏற்றி மறுபடி நிறுத்தினார்கள். 2024 ஏப்ரலில்தான் அடுத்த ஏற்றம். இடையில் விழும் பள்ளத்தைச் சாப்பாட்டுக் காசிலிருந்துதான் நிரப்ப வேண்டும்.

இனி, அங்கே நாற்பது வருடமாக ஓயாத விவாதத்துக்கு வருகிறேன். பணத்தை யார் கையில் கொடுப்பது? வீட்டுக்காரர் கையில் கொடுத்தால் வாடகை தவறாது, அவரும் துணிந்து வீடு தருவார். குடியிருப்பவர் கையில் கொடுத்தால் தன் வீட்டு வரவு செலவு அவரிடமே இருக்கும். வீடு ஒழுகினால் கேள்வி கேட்கும் பலமும் இருக்கும். பிரித்தானியாவில் இப்போது பொதுவிதி, பணம் குடியிருப்பவரின் வங்கிக் கணக்குக்கே போகும். இரண்டு மாத வாடகை நிலுவையானால், நேரடியாகத் தனக்கே அனுப்பச் சொல்லி வீட்டுக்காரர் விண்ணப்பிக்கலாம். ஸ்கொட்லாந்தில் யாருக்குப் போக வேண்டும் என்று குடியிருப்பவரே சொல்லலாம். வட அயர்லாந்தில் பொதுவாக நேரே வீட்டுக்காரருக்கு.

இவ்வளவு இருந்தும் "அரச உதவி எடுப்பவர்களுக்கு வீடு இல்லை" என்று விளம்பரம் போட்டவர்கள் அங்கே நிறைய. அப்படி ஒட்டுமொத்தமாக மறுப்பது பாரபட்சம் என்று யோர்க் நகர நீதிமன்றம் 2020 ஜூலையில் சொல்ல வேண்டியிருந்தது. ஹாஜியாரின் தயக்கம் உக்குவளைக்கு மட்டும் உரியதல்ல.

என்னைக் கேட்டால், பணம் குடியிருப்பவர் கைக்கே வர வேண்டும் என்பேன். கீழ்வீட்டுத் தாய் ஒவ்வொரு மாதமும் மேல்மாடி ஏறிப்போய்த் தன் கையால் காசை வைக்கும்போது, அவரை இடம்பெயர்ந்தவராக யாரும் பார்ப்பதில்லை. வாடகை கொடுத்து இருக்கும் மனுசியாகவே பார்க்கிறார்கள். அந்த மரியாதையைப் பறித்துவிட்டு ஒரு வசதியைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வீட்டுக்காரரின் பயத்துக்கு வேறு மருந்து இருக்கிறது. நிலுவை விழுந்தால் நேரடியாகக் கிடைக்கும் என்ற உறுதி ஒன்று. எளிய தமிழிலும் சிங்களத்திலும் ஒரே பக்கத்தில் அச்சிட்ட உடன்படிக்கைத் தாள் இன்னொன்று. அந்தத் தாளைக் கிராம உத்தியோகத்தரே கையோடு கொண்டுபோனால், சந்தியில் ஆளாளுக்குச் சட்டம் சொல்லும் தேவை இருக்காது.

ஆனால் இந்தத் தாள் எட்டாத ஒரு கூட்டம் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. எல்கடுவைப் பக்கம் ஏறினால் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள் அதற்கு உரிமையாளரும் அல்ல, வாடகைக்காரரும் அல்ல. பெருந்தோட்டக் காணிகளில் பெரும்பகுதி அரசுடையது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, பின்னர் காணிகள் நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டன. தொழிலாளியின் பெயரில் உறுதியும் இல்லை, உடன்படிக்கையும் இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தப்பியவர்கள் புது வீடு கிடைக்கும்வரை பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் காலம் கழித்தார்கள். டித்வாவுக்குப் பிறகும் மலையகம் முழுக்க எழுந்த கேள்வி ஒன்றுதான்: உறுதி இல்லாத வீடு இடிந்தால் அது யாருடைய இழப்பு?

இடிந்தது காம்பரா என்றாலும் அதற்குள் இருந்தது ஒரு குடும்பம். வாடகை உதவியை வீட்டின் பத்திரத்தோடு கட்டிவைக்காமல், அங்கே குடியிருந்தார்கள் என்ற உண்மையோடு கட்டிவைக்க வேண்டும். வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறது. பிள்ளையின் பள்ளிக்கூடப் பதிவில் விலாசம் இருக்கிறது. தோட்டத்துச் சம்பளச் சீட்டு இருக்கிறது. இவையெல்லாம் போதும்.

ஹாஜியார் கடைசியில் எழுதிக் கொடுத்தார். சட்டம் படித்து அல்ல. மனைவி சொல்லி. மகளின் அப்பியாசக் கொப்பியிலிருந்து இரண்டு தாள் கிழித்து, மேலே திகதி போட்டு, மாத வாடகை, அடையாள அட்டை இலக்கம், கரண்ட் பில்லை யார் கட்டுவது என்பதுவரை எழுதி, பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவரையும் பக்கத்து வீட்டு ஐயா ஒருவரையும் சாட்சிக்கு வைத்தார்கள். ஒரு தாள் மேல்மாடியில். மற்றது கீழே, பொலித்தீன் உறைக்குள், சாமிப் படத்துக்குப் பின்னால்.

நான் புறப்படும்போது அந்தத் தாய் அதை எடுத்துக் காட்டினார். பின்பக்கத்தில் பென்சிலால் மாதங்களின் பெயர்களை வரிசையாக எழுதி, காசு வந்த மாதங்களுக்கு எதிரே சரி போட்டிருந்தார். உதவி நிற்கும் மாதத்தின் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழேயும் மாதங்கள் எழுதியிருந்தன. "அதுக்கு மேல என்ன செய்றதுன்னு அவரும் கேட்டாரு, நானும் கேட்டேன்" என்றார் மேல்மாடியைப் பார்த்தபடி.

(தொடரும்)