கரையின் காவல் கடலிலே

களனி கங்கை கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்கு வடக்கே அமைந்துள்ள ஊர் ஹெந்தளை. 1708ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொழுநோயாளருக்கென அமைத்த மருத்துவமனையால் நெடுங்காலம் அறியப்பட்ட ஊர் அது. அங்கிருந்து நீர்கொழும்பு வரை கடற்கரை ஏறக்குறைய நேர்கோடாகச் செல்கிறது. மணலும் தென்னையும் மீனவர் குடில்களும் நிறைந்த இக்கரை, பார்ப்பவர் கண்ணுக்குப் போரோடு தொடர்பற்றதாகவே தோன்றும். ஆயினும் கொழும்பு மாநகரின் தலைவிதி மாறிய வேளையொன்றில், அந்த மாற்றம் கொழும்புக் கோட்டையின் வாயில் வழியாக வரவில்லை. இந்த வடகரை வழியாகவே வந்தது. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை விளங்கிக்கொண்டால், தீவொன்றில் வாழும் மக்களுக்குக் கடற்காவல் என்பது யாது என்பதும் விளங்கும்.

கொழும்பு வலிமையற்ற கோட்டையன்று. போர்த்துக்கேயர் அதனைக் காத்து நின்றபோது, ஒல்லாந்தர் ஏறக்குறைய ஏழு மாதம் முற்றுகையிட்டே 1656ஆம் ஆண்டு மே மாதத்தில் அதனைக் கைப்பற்றினர். முற்றுகைக் காலத்தில் ஒல்லாந்தரின் படைத்தலைவர் ஹூல்வ்ற் உயிரிழந்தார். கோட்டைக்குள் இருந்தோர் பசியாலும் நோயாலும் மடிந்தனர். கோவாவிலிருந்து வரும் கப்பல்களை எதிர்நோக்கி அவர்கள் காத்திருந்தனர். மீட்கும் கப்பல்கள் வரவில்லை. ஏனெனில் கடல் ஒல்லாந்தர் கையில் இருந்தது. மதில் எத்துணை உயரமாயினும், உணவும் மருந்தும் உதவிப் படையும் கடல்வழியே வரவேண்டிய கோட்டைக்கு, கடலை இழந்த நாளே வீழ்ச்சியின் முதல் நாளாகும். ஒல்லாந்தர் போர்த்துக்கேயருக்குப் புகட்டிய இப்பாடம் 140 ஆண்டுகளுக்குப் பின்னர் அவர்களையே வந்தடைந்தது.

அதனை விளக்குமுன் நம் கடலின் இயல்பைச் சற்று நோக்குதல் வேண்டும். இலங்கையைச் சூழ்ந்த கடலைப் பருவக்காற்றுகள் இரண்டு ஆளுகின்றன. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் மேற்குக் கரையைக் கொந்தளிக்கச் செய்யும். அப்போது கிழக்குக் கரை ஓரளவு அமைதியாக இருக்கும். ஆண்டின் இறுதியில் வாடை எழும்போது நிலைமை தலைகீழாகும். கிழக்கே கடல் சீறும், மேற்கே அடங்கும். நீர்கொழும்பு மீனவர் பலர் சோளக காலத்தில் தம் படகுகளுடன் கிழக்குக் கரைக்குச் சென்று வாடி அமைத்துத் தொழில் செய்து, பருவம் மாறியதும் ஊர் திரும்புவது இதனாலேயே. மீனவரின் இந்த நாட்காட்டியே பாய்க்கப்பல் காலத்தில் கடற்படைத் தளபதியின் நாட்காட்டியாகவும் இருந்தது.

இவ்விரு காற்றுகளுக்கும் அஞ்சாத இயற்கைத் துறைமுகம் திருகோணமலை. சென்னையை உள்ளிட்ட சோழமண்டலக் கரையிலோ அன்று பெருங்கப்பல்கள் ஒதுங்கத்தக்க துறைமுகம் இல்லை. வாடைக்காலப் புயல் நெருங்கும்போது ஆங்கிலேயக் கப்பல்கள் அக்கரையை விட்டுப் பம்பாய் வரை செல்ல நேர்ந்தது. ஆகவே திருகோணமலையை வைத்திருப்பவர் வங்கக் கடலில் நிலைத்து நிற்கலாம் என்பதை ஐரோப்பியர் உணர்ந்திருந்தனர். 1782ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலேயர் அதனை ஒல்லாந்தரிடமிருந்து பறித்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் அதனைக் கவர்ந்தார். போர் ஓய்ந்தபின் அது மீண்டும் ஒல்லாந்தரைச் சேர்ந்தது. ஒரே ஆண்டில் இருமுறை கைமாறிய அத்துறைமுகத்தை ஆங்கிலேயர் மறக்கவில்லை.

1795ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுப் படை ஒல்லாந்து நாட்டினுள் புகுந்தது. அந்நாட்டின் தலைவரான ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார். கியூ என்னுமிடத்திலிருந்து பெப்ரவரி 7ஆம் நாள், கடல்கடந்த ஒல்லாந்தக் கோட்டைகள் ஆங்கிலேயப் படையை ஏற்கவேண்டுமென அவர் ஓலை எழுதினார். தாயகத்திலோ பிரான்சுக்குத் துணையான புதிய குடியரசு அமைந்துவிட்டது. கொழும்பில் ஆளுநராக இருந்த வான் ஆங்கல்பெக் யாருக்குக் கீழ்ப்படிவது? நாடுகடந்த தலைவருக்கா, தாயகத்தில் எழுந்த குடியரசுக்கா? அவர் தயங்கி நின்ற வேளையில் சென்னை ஆளுநர் ஹோபார்ட் பிரபு தயங்கவில்லை, படையை அனுப்பினார்.

படையெடுப்பின் ஒழுங்கை நோக்கினால் காற்றின் கையெழுத்து அதில் தெளிவாகத் தெரியும். மேற்கே சோளகம் வீசிக்கொண்டிருந்த ஆகஸ்டு மாதத்தில், அட்மிரல் ரெய்னியரின் கப்பல்களும் கேணல் ஸ்டுவர்ட்டின் படையும் கிழக்கே திருகோணமலையைத் தாக்கின. ஆகஸ்டு 26ஆம் நாள் கோட்டை பணிந்தது. செப்டெம்பரில் மட்டக்களப்பும் யாழ்ப்பாணமும், அக்டோபரில் மன்னாரும் வீழ்ந்தன. கடல்வழி உதவியின்றித் தனித்து நின்ற கோட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன; ஒரு கோட்டை மற்றொன்றுக்குத் துணைவர இயலவில்லை. இதற்கிடையே, ஒல்லாந்தரிடம் கூலிப்படையாக இருந்த சுவிற்சர்லாந்துப் படைப்பிரிவு, அதன் உரிமையாளரான டி மியூரன் பிரபு ஆங்கிலேயருடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் ஆங்கிலேயர் பக்கம் சென்றது. கொழும்பின் காவல் மேலும் மெலிந்தது.

மேற்குக் கடல் அமைதியுற்ற 1796ஆம் ஆண்டு பெப்ரவரியில் கொழும்பின் முறை வந்தது. ஆங்கிலேயர் கோட்டைப் பீரங்கிகளுக்கு நேரே கப்பலைச் செலுத்தவில்லை. கல்மதிலின் மீதுள்ள பீரங்கிக்கும் மரக்கப்பலின் மீதுள்ள பீரங்கிக்கும் இடையே போர் மூண்டால் இழப்பு பெரும்பாலும் கப்பலுக்கே. எனவே அவர்கள் பெப்ரவரி 5ஆம் நாள் எதிர்ப்பின்றி நீர்கொழும்பைக் கைக்கொண்டு, அங்கிருந்து தரைவழியே தெற்கு நோக்கி நடந்தனர். கடலில் ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் கொழும்பின் வாயிலை அடைத்து நின்றன. களனி கங்கையே கொழும்புக்கு வடக்கிலிருந்த இயற்கை அகழி. ஆயினும் அக்கரையில் உறுதியான எதிர்ப்பு எழவில்லை. ஆற்றைக் கடந்து வந்த படையை, கேணல் ரேமண்ட் என்பார் மலாய் வீரருடன் சென்று தாக்கினார். அத்தாக்குதல் முறியடிக்கப்பட்டது, அவரும் படுகாயமுற்று மாண்டார். பெப்ரவரி 15ஆம் நாள் சரணடைவு உடன்படிக்கை ஒப்பமிடப்பட்டது. மறுநாள் ஆங்கிலேயர் கோட்டையினுள் புகுந்தனர். போர்த்துக்கேயர் ஏழு மாதம் காத்த நகர், நீர்கொழும்பு வீழ்ந்த பன்னிரண்டு நாளுக்குள் கைமாறிற்று.

வான் ஆங்கல்பெக் காட்டிக்கொடுத்தார் என்ற பழி அன்றே எழுந்தது. அவருடைய வீரரே அவர்மீது சினங்கொண்டனர். அவர் இன்னும் சில வாரம் போராடியிருக்கலாம் என்பது உண்மையே. ஆனால் அதன் முடிவு யாது? பத்தாவியாவிலிருந்து உதவிக் கப்பல் வரவில்லை. தாயகத்திலிருந்து வர வழியுமில்லை. அதே பெப்ரவரியில் ரெய்னியரின் கப்பல்கள் கிழக்கே நெடுந்தொலைவிலுள்ள அம்போயினாத் தீவையும் கவர்ந்தன. ஆளுநரின் மன உறுதி வீழ்ச்சியின் நாளைத் தள்ளிவைத்திருக்கலாம். வீழ்ச்சியைத் தவிர்த்திருக்க முடியாது. ஒரு மனிதரின் துரோகத்தைத் தேடுவது எளிது. கடலை இழந்தவர் எங்கே, எப்போது போரிடுவது என்று தெரிவுசெய்யும் உரிமையையும் இழந்துவிடுகிறார் என்பதைக் காண்பதே பயன் தருவது. 1802ஆம் ஆண்டு அமியான் உடன்படிக்கையில் ஆங்கிலேயர் பல இடங்களைத் திருப்பிக் கொடுத்தும், இலங்கையிலிருந்த ஒல்லாந்தர் பகுதிகளைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர்.

நீராவியும் விமானமும் வந்தபின் காற்றின் ஆட்சி குறைந்தது. கடலின் ஆட்சி குறையவில்லை. 1942ஆம் ஆண்டு ஏப்ரலில் யப்பானியரின் விமானந்தாங்கிக் கப்பல்கள் ஐந்து இலங்கையை நெருங்கின. ஏப்ரல் 4ஆம் நாள், கொக்கலையிலிருந்து பறந்த கனடிய விமானி பேர்ச்சல் அவற்றைத் தென்கடலில் கண்டு செய்தி அனுப்பினார். அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, அவர் சிறைப்பட்டார். ஆயினும் செய்தி வந்து சேர்ந்தது. மறுநாள் உயிர்த்த ஞாயிறன்று காலை கொழும்பு தாக்கப்பட்டபோது, துறைமுகத்திலிருந்த கப்பல்களுள் பல முன்னரே அகன்றிருந்தன. ஆனால் செய்தி கிடைத்தும் காவல் முழுமையாகவில்லை. இரத்மலானையில் போர்விமானங்கள் தரையிலிருந்தபோதே பகைவர் வந்துவிட்டனர். அன்றே தென்மேற்குக் கடலில் இரண்டு பிரித்தானியக் குறூசர் கப்பல்கள் மூழ்கி 424 பேர் மாண்டனர். முன்னறிவு என்பது காவலின் பாதி. அறிந்ததை உரிய நேரத்தில் உரியவரிடம் சேர்த்துச் செயலாக்குவது மறுபாதி.

அந்த மறுபாதியின் அருமையை அண்மையில் இதே கரை மீண்டும் உணர்ந்தது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்னும் சரக்குக் கப்பல் கொழும்புக்கு வடமேற்கே நங்கூரமிட்டு நின்றது. அதிலிருந்த கொள்கலன் ஒன்றிலிருந்து நைத்திரிக் அமிலம் கசிந்துகொண்டிருந்தது. அக்கொள்கலனை இறக்கக் கட்டாரிலும் இந்தியாவிலும் இரண்டு துறைமுகங்கள் இடமளிக்காத நிலையிலேயே அது இங்கு வந்தது. தீப்பற்றிய கப்பல் பல நாள் எரிந்து, ஜூன் 2ஆம் நாள் அடித்தளம் கடலடியைத் தொட அமிழ்ந்தது. பிளாத்திக்கு மணிகள் நீர்கொழும்பு வரையிலான கரையெங்கும் வெண்மணல்போல ஒதுங்கின. மீன்பிடி தடைசெய்யப்பட்டது, கடனுக்கு வலை வாங்கிய குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. 2025ஆம் ஆண்டு ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு கப்பல் தரப்பினருக்குக் கட்டளையிட்டது.

இக்கப்பல் பகைவரின் கப்பலன்று. ஒளிந்து வந்ததுமன்று, அனைவரும் காண வந்து நின்றது. ஆயினும் அது விளைத்த கேடு சிறிதன்று. கடற்பாதுகாப்பு என்றவுடன் பீரங்கியும் போர்க்கப்பலுமே நினைவுக்கு வருகின்றன. 1950ஆம் ஆண்டு டிசெம்பரில் தோன்றிய நம் கடற்படைக்கும், பின்னர் அமைந்த கரையோரக் காவல் திணைக்களத்துக்கும் போரற்ற காலத்திலும் ஓயாத பணி உண்டு. கரையிலிருந்து 200 கடல்மைல் வரை விரியும் நம் பொருளாதார வலயத்தில் எந்தக் கப்பல் செல்கிறது, அது எதைச் சுமக்கிறது, அதற்கு இடர் நேர்ந்தால் யார் விரைந்து செல்வது என்பவற்றை அறிந்திருத்தலே அப்பணி.

1796இல் ஒல்லாந்தரிடம் மதில் இருந்தது, கப்பல் இல்லை. 1942இல் செய்தி இருந்தது, ஆயத்தம் குறைந்தது. 2021இல் கப்பல் கண்முன்னே நின்றது. அதன் வயிற்றிலிருந்த அபாயம் காலத்தோடு தடுக்கப்படவில்லை. கரைக்கு வந்தபின் எதிர்கொள்ளப்படும் இடர் பாதி வென்றுவிட்ட இடராகும். அலை தொடும் இடத்தில் நம் நாடு முடிந்துவிடவில்லை என்று கருதிச் செயற்படும் மக்களே தம் கரையைக் காத்தவராவர்.