நாய்க்குச் சொறியா? எண்ணெய் தடவும் முன் காரணத்தைப் பாருங்கள்

திருத்தணி பேருந்து நிலையத்தைச் சுற்றியும் மலையடிவாரக் கடைகளருகிலும் முடி கொட்டி, தோல் தடித்து, ஓயாமல் சொறிந்துகொண்டிருக்கும் தெருநாய்களைக் கண்டிருப்பீர்கள். வீட்டு நாய்க்கும் அதே நிலை வந்தால், பலர் உடனே எடுப்பது வேப்பெண்ணெயை அல்லது பழைய என்ஜின் ஆயிலை. ஆனால் சொறி ஓர் அறிகுறிதான். பூச்சி, பூஞ்சை, ஒவ்வாமை, ஹார்மோன் குறை என எதுவும் அதற்குக் காரணமாகலாம். முடி எங்கே கொட்டுகிறது என்று பார்த்தால் முதல் துப்பு கிடைக்கும்.

வாலடியில் கொட்டினால்

பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி. அதன் எச்சில் ஒத்துக்கொள்ளாத நாய்க்குச் சில கடிகளே போதும், வாலடியைக் கடித்துக் குதறிவிடும். முடியை வாரி, உதிரும் கரும்பொடியை ஈரமான வெள்ளைத் தாளில் வையுங்கள். செம்பழுப்பு நிறம் ஊறினால் அது தெள்ளின் கழிவு.

காதோரம், முழங்கையில் கொட்டினால்

கண்ணுக்குத் தெரியாத சார்காப்டிஸ் என்ற சிற்றுயிர் தோலைத் துளைத்து முட்டையிடும். அரிப்பு கடுமையாக இருக்கும். மற்ற நாய்களுக்கு வேகமாகத் தொற்றும். தூக்கி வைத்திருப்பவருக்கும் கையிலும் வயிற்றிலும் அரிக்கும் தடிப்புகள் வரலாம்.

அரிப்பின்றிக் கொட்டினால்

குட்டிகளுக்குக் கண்ணைச் சுற்றியும் முன்னங்காலிலும் திட்டுத் திட்டாக முடி போனால் டெமோடெக்ஸ் என்ற சிற்றுயிராக இருக்கலாம். பிறந்த சில நாட்களில் தாயிடமிருந்து வருவது இது, மனிதருக்குத் தொற்றாது. நடுவயது நாய்க்கு இரு பக்கமும் ஒரே மாதிரி முடி கொட்டி, எடையும் கூடினால் தைராய்டு குறைவைச் சந்தேகிக்க வேண்டும்.

வட்டமாகக் கொட்டினால்

பூஞ்சையால் வரும் படர்தாமரையாக இருக்கலாம். இதுவும் வீட்டாருக்குத் தொற்றும், குறிப்பாகக் குழந்தைகளுக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த நாயை ஈரத்தோடு விட்டால் காதிலும் விரலிடுக்கிலும் வேறொரு பூஞ்சை பெருகி நாற்றமெடுக்கும். இவை எதுவும் இல்லாமல் வருடம் முழுக்க அரித்தால் உணவு ஒவ்வாமையையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

உண்ணியை அலட்சியம் செய்யாதீர்கள்

சுவர் வெடிப்பிலும் கட்டிலடியிலும் உண்ணி முட்டையிடும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் இடும். அது பரப்பும் எர்லிக்கியா கிருமியால் காய்ச்சல் வந்து, இரத்தத் தட்டணுக்கள் குறையும். நாய் உண்ணாமல் சோர்ந்தாலோ மூக்கில் இரத்தம் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

செய்யக் கூடாதவை

• என்ஜின் ஆயில், மண்ணெண்ணெய், பினாயில் பூசாதீர்கள். தோல் வெந்துபோகும், நக்கினால் விஷம்.
• மனிதருக்கான சோப்பும் ஷாம்பும் வேண்டாம். நாயின் தோல் தன்மை வேறு.
• ஸ்டீராய்டு களிம்பை நீங்களாகத் தடவாதீர்கள். அரிப்பு அடங்குவதுபோல் தோன்றும். டெமோடெக்ஸும் பூஞ்சையும் பெருகும்.
• ஐவர்மெக்டின் ஊசியை மருத்துவர் சொல்லாமல் போடாதீர்கள். கோலி போன்ற சில இனங்களுக்கு அது உயிராபத்து.

மருத்துவரிடம் என்ன கேட்பது?

தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கும் பரிசோதனையைக் கேளுங்கள். எளியது, செலவும் குறைவு. ஆனாலும் சார்காப்டிஸ் சில வேளை அதில் சிக்காது. அப்போது அறிகுறியை வைத்தே மருத்துவர் சிகிச்சை தொடங்குவார். அருகில் உள்ள அரசு கால்நடை மருத்துவமனையில் குணமாகாவிட்டால், வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம்.

தெள்ளுக்கும் உண்ணிக்கும் மருந்து கொடுக்கும்போது வீட்டில் உள்ள எல்லா நாய், பூனைகளுக்கும் மருத்துவர் சொல்லும் மருந்தைக் கொடுங்கள். நாய்க்கான பெர்மெத்ரின் மருந்து பூனையைக் கொன்றுவிடும். படுக்கைத் துணியை வெந்நீரில் துவையுங்கள். முடி முளைத்துவிட்டது என்று சிகிச்சையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். மருத்துவர் போதும் என்று சொல்லும்வரை தொடருங்கள்.