பரணில் ஏறிய தூண்டில்

அணையின் நீர்மட்டத்தைக் காலைச் செய்தித்தாளில் பார்த்த பின்னரே தேநீர்க் குவளையைக் கையில் எடுக்கும் வழக்கமுடையவர்கள் மேட்டூர் மக்கள். 1934-ஆம் ஆண்டு அணை கட்டி முடிக்கப்பட்ட காலந்தொட்டு, நூற்றிருபது அடி என்னும் கணக்கு இவ்வூராரின் பேச்சில் ஊறிப்போய்விட்டது. என் பங்கைச் சேர்ந்த அவரும் அத்தகையவரே. ஆலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் கோவில் முற்றத்தில் என்னை நிறுத்தி, நீர் ஏறியதா இறங்கியதா என்று சொல்லிவிட்டு, தூண்டிலோடு நீர்த்தேக்கக் கரைக்குப் போய்விடுவார். ஒரு ஞாயிறன்று அவர் நீர்மட்டத்தைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. சக்ரீஸ்து வாசற்படியில் தயங்கி நின்றார்.

"சாமி, அவளுக்கு மார்பிலே கட்டி. சேலத்திலே சதையை எடுத்துச் சோதிச்சுப் புற்றுநோய்னு சொல்லிட்டாங்க. அவளுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிடாதீங்க."

நான் இசைந்தேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்ட செய்தியன்று, வாசற்படியில் கேட்டது. அத்தம்பதியரின் முழு இசைவோடுதான் இதனை எழுதுகிறேன். பெயரையும் பிற அடையாளங்களையும் விட்டுவிட்டேன்.

பன்னிரண்டு நாள் கழித்து அவர்கள் இல்லத்திற்குச் சென்றேன். கணவர் கடைக்குப் போயிருந்தார். அம்மையார் முறத்தில் துவரங்காய் உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலேயே கேட்டார்: "சாமி, எனக்குப் புற்றுநோய்தானே?" நான் பதில் தேடிக்கொண்டிருக்கையில் அவரே தொடர்ந்தார்: "ஆஸ்பத்திரியிலே வாசல் பலகையிலேயே எழுதியிருக்குது. எனக்குப் படிக்கத் தெரியாதா? அவருக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாருன்னு நானும் தெரியாதமாதிரி இருக்கிறேன்."

அன்று என்னைப் பற்றி நான் வெட்கினேன். ஒரே கூரையின் கீழ், ஒருவருக்காக ஒருவர் என்று எண்ணி, இருவரும் தனித்தனியே அழுதுகொண்டிருந்தனர். அந்தப் பொய்க்கு நானும் உடந்தை. குருமடத்தில் பொய்யின் வகைகளையெல்லாம் இலத்தீன் நூல்களிலிருந்து பகுத்துப் படித்தவன். முறத்தின் முன் அமர்ந்து கேட்கும் ஒரு தாய்க்கு மறுமொழி கூற அப்படிப்பு உதவவில்லை. கணவர் திரும்பி வரும்வரை காத்திருந்து, இருவரையும் எதிரெதிரே அமர்த்தி, "இனி இவ்வீட்டில் மறைக்க ஒன்றுமில்லை" என்று மட்டும் சொன்னேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அம்மையார் எழுந்துபோய் அவர் தோளைத் தொட்டார். நோயாளி எவர், தேற்றுபவர் எவர் என்று அந்நேரத்தில் பிரித்தறிய இயலவில்லை.

நோயுற்றவரிடம் நோயின் பெயரை மறைப்பது நம் குடும்பங்களில் பெரிதும் காணப்படும் வழக்கம். அன்பினால் செய்கிறோம் என்பது மெய்யே. ஆயினும், மாதக்கணக்கில் நீளும் சிகிச்சைக்கு உடன்பட வேண்டியவர் அவரே. எந்த அறிகுறியை மருத்துவரிடம் உடனே கூறவேண்டும் என்று அறிந்திருக்க வேண்டியவரும் அவரே. மறைத்தால் அவர் தனித்து விடப்படுகிறார், பயம் குறைவதில்லை.

இங்கே பிரெஞ்சு நாட்டு அலான்சோன் நகரத்துத் தம்பதியர் இருவர் நினைவுக்கு வருகின்றனர். சிறுமலர் தெரேசாளின் பெற்றோராகிய லூயி மார்ட்டினும் செலி மார்ட்டினுமே அவர்கள். பின்னல் சரிகை நெய்விக்கும் தொழிலைத் திறம்பட நடத்தியவர் செலி. மனைவியின் தொழிலுக்குத் துணை நிற்பதற்காகத் தம் கடிகாரக் கடையையே விற்றுவிட்டவர் லூயி. 1865-ஆம் ஆண்டிலேயே மார்பில் தோன்றிய வீக்கத்தைப் பற்றிச் செலி, தம் சகோதரருக்குக் கடிதம் எழுதியிருந்தார். பதினோராண்டுகள் உருண்டோடின. 1876 டிசம்பரில் மருத்துவர் உண்மையைக் கூறியபோது அறுவைக்கும் காலம் கடந்திருந்தது. செலி வீடு திரும்பி, மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வீடே அழுதது. லூயி இடிந்துபோனார், நண்பர் கூட்டத்திற்குப் போவதை நிறுத்தினார், தமக்கு மிகவும் உவப்பான தூண்டில்களைப் பரணில் ஏற்றிவிட்டார். 1877 ஜூனில் செலி லூர்து நகருக்குத் திருப்பயணம் சென்று வந்தார், நோய் குணமாகவில்லை, அவ்வாண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் உயிர் நீத்தார். தெரேசாளுக்கு அப்போது வயது நான்கு. 2015 அக்டோபரில் திருத்தந்தை பிரான்சிஸ் கணவன் மனைவி இருவரையும் ஒருசேரப் புனிதர்களாக அறிவித்தார்.

அந்தத் தூண்டிலைப் பற்றி என் கருத்து வேறு. அதனைப் பின்னர் கூறுகிறேன்.

நம் நாட்டில் இந்நோயாளருக்கென ஒரு புகலிடம் எழுந்ததற்கும் ஒரு குடும்பத்தின் கண்ணீரே காரணம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் தங்கையை 1923-இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த நினைவு அவரை விட்டகலவில்லை. 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954-இல் சென்னை அடையாற்றில் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் தொடங்கிற்று. அம்மையாரின் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அவருக்குப் பின் டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். 2021 ஜனவரியில் மறையும்வரை டாக்டர் சாந்தா அந்நிலைய வளாகமே தம் இல்லமென வாழ்ந்தவர். அறிஞர் அண்ணாவும் இந்நோய்க்கு ஆளாகி 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் மறைந்தார். காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அரசு நடத்தும் புற்றுநோய் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எங்கள் தம்பதியரும் அடையாற்றிற்கே சென்றனர். இருபத்தொரு நாளுக்கொரு முறையாக ஆறு முறை மருந்தேற்றுதல், அதன்பின் அறுவை, அதன்பின் கதிர்வீச்சு என்று முறை வகுக்கப்பட்டது. மருந்து விரைந்து பெருகும் அணுக்களைத் தாக்குகிறது. புற்றணுக்கள் விரைந்து பெருகுவன. ஆனால் முடியின் வேர், வாயின் உட்தோல், குடல், எலும்பின் உள்ளே குருதியை உண்டாக்கும் மஜ்ஜை ஆகியவற்றின் அணுக்களும் அவ்வாறே பெருகுவன. ஆதலின் முடி உதிர்கிறது, வாய் புண்ணாகிறது, குமட்டுகிறது. முடி மீண்டும் முளைக்கும். அஞ்சத்தக்கது வேறொன்று: மருந்தேற்றிய ஏழு நாள் முதல் பதினான்கு நாள் வரையில் வெள்ளணுக்கள் மிகக் குறைந்து நிற்கும், அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியை எட்டினால் விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அவர் ஒரு வெப்பமானியை வாங்கி நாட்காட்டியின் ஆணியில் நூல் கட்டித் தொங்கவிட்டார். நாளும் இருவேளை அளந்து, நாட்காட்டித் தாளிலேயே எழுதினார். மூன்றாம் முறைக்குப் பின் ஓரிரவு 101 காட்டிற்று. ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்கு விரைந்தனர். அந்தத் தாளை மருத்துவர் வாங்கிப் பார்த்து, உடனே ஊசி மருந்தைத் தொடங்கினார். என்னைக் கேட்டால், அவர் செய்த பணிவிடைகள் அனைத்திலும் தலையாயது அந்த ஆணியில் தொங்கிய வெப்பமானியே.

சமையலறைக்குள் தண்ணீர் குடிக்க மட்டுமே நுழைந்தவர் அவர். புளி இருக்கும் பானை எது என்று மனைவியைக் கேட்டுக் கேட்டு அடுப்பு மூட்டினார். வாய்ப்புண் மிகுந்த நாட்களில் காரமும் புளியும் ஆகா. ஆறவைத்த ராகிக் கஞ்சி, குழைய வேகவைத்த பருப்புச் சோறு, அவித்த முட்டை, காய்ச்சி ஆறிய நீர் என்று கற்றுக்கொண்டார். முதல் வாரம் கஞ்சி கட்டி தட்டிப்போயிற்று என்று அம்மையார் சிரித்துக்கொண்டே என்னிடம் முறையிட்டார். அச்சிரிப்பைக் கேட்கவே அவ்வீட்டிற்கு இருமுறை போகலாம்.

உறவினர் வந்தனர். அவர்களுள் ஒருவர் நோயாளிக்குத் தட்டும் குவளையும் தனியே வைக்கச் சொன்னார். இந்நோய் தொற்றுவதன்று, ஒரே தட்டில் உண்பதாலும், ஒரே பாயில் உறங்குவதாலும் அது பரவாது. இன்னொருவர், தம் பெரியம்மாவுக்கும் இதே கட்டிதான் வந்தது என்று தொடங்கி, அடக்கச் சடங்குவரை சொல்லி முடித்தார். ஆறுதல் கூறச் செல்வோரே, செய்தி ஏதுமில்லையாயின் கத்தரிக்காய் விலையைப் பேசுங்கள். அது நோயாளிக்கு நன்மை தரும். மூன்றாமவர் முள் சீத்தாப்பழத்தையும் ஏதோ ஒரு பொடியையும் கொண்டுவந்தார். நாட்டு மூலிகையை நான் இகழ்பவன் அல்லன். நம் கல்லறைத் தோட்டங்களில் தானே பூத்துக்கிடக்கும் நித்திய கல்யாணியிலிருந்துதான் வின்கிறிஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்தே எடுக்கப்படுகிறது. ஆனால் அது அளந்து, தூய்மைப்படுத்தி, நரம்பு வழியே ஏற்றப்படுவது. அவ்விலையை அரைத்துக் குடிப்பது மருந்தாகாது, நஞ்சாகும். எந்தப் பொடியையும் மருத்துவரிடம் காட்டாமல் கொடுக்கலாகாது. மருந்தின் வேலையை அது குலைக்கவும் கூடும்.

அறுவைக்கு முதல் நாள் தொலைபேசியில் அழைத்தார். குரல் கம்மியிருந்தது. அம்மையார் தாலியைக் கழற்ற மறுக்கிறாராம். அறுவைக் கூடத்தில் உலோகம் எதுவும் உடலில் இருத்தலாகாது. பின்னர் மார்பில் கதிர்வீச்சு பாயும் வாரங்களிலும் அப்படியே. முப்பதாண்டுகள் கழுத்தை விட்டு நீங்காத அது நீங்கினால் கணவருக்கு ஏதேனும் நேர்ந்துவிடும் என்று அவர் அஞ்சினார். இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. "திருமணம் என்பது நீங்கள் இருவரும் பீடத்தின் முன் கொடுத்த வாக்கு; கயிறு அதன் அடையாளம். அடையாளத்தை அவரிடமே ஒப்படையுங்கள்" என்றேன். அவர் தம் கையாலேயே அதனைக் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து, சட்டையின் உட்பையில் வைத்துக்கொண்டார். அறுவை, அதன்பின் ஐந்து வாரக் கதிர்வீச்சு அனைத்தும் முடியும்வரை அது அங்கேயே இருந்தது. ஊர் திரும்பிய பின் வந்த முதல் ஞாயிறன்று, பூசைக்குப் பின் பீடத்தருகே மறுபடி அணிவித்தார். அவர் விரல்கள் நடுங்கின. முடிச்சை நான்தான் இறுக்கினேன்.

அறுவைக்கு முன் நோயில்பூசுதல் பெறச் சொன்னபோதும் வீட்டில் கலக்கம் உண்டாயிற்று. "அவஸ்தைப் பூசுதலா சாமி, அவ்வளவு மோசமா?" என்றார் அவர் மகள். பழைய பெயர் விதைத்த அச்சம் இன்னும் வேரோடு நிற்கிறது. 1972-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் திருத்தி வெளியிட்ட சடங்குமுறைப்படி, கடும் நோயில் இருப்பவரும், பெரிய அறுவையை எதிர்நோக்கியிருப்பவரும் தாராளமாகப் பெறத்தக்க அருட்சாதனம் அது. மூச்சு இழுக்கும்வரை காத்திருந்து குருவுக்கு ஆளனுப்ப வேண்டியதில்லை.

செலவைப் பற்றி ஒரு சொல். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திற்குக் குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் வேண்டும். நோய் வருமுன்னரே அட்டை எடுத்து வைத்தல் நலம். சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளருக்கு இரயிலில் தூங்கும் வகுப்பில் கட்டணமே இல்லை; உடன் செல்லும் துணைவருக்கு நான்கில் ஒரு பங்கே. மருத்துவமனையில் இதற்கென உள்ள படிவத்தில் மருத்துவரின் ஒப்பமும் முத்திரையும் பெறவேண்டும். இவர்கள் இதனை அறியாமல் முதல் மூன்று பயணங்களுக்கு முழுக் கட்டணம் செலுத்தினர்.

இனி அந்தத் தூண்டில். சிகிச்சையின் நான்காம் மாதத்தில் அவர் மெலிந்து, சிடுசிடுப்பு மிகுந்து, ஒருநாள் மனைவியிடம் உரத்துப் பேசிவிட்டு என்னிடம் வந்து அழுதார். நீர்த்தேக்கப் பக்கம் போய் எத்தனை நாளாயிற்று என்று கேட்டேன். "அவ படுத்துக்கிடக்கும்போது நான் மீன் பிடிக்கிறதா சாமி?" என்றார். புனித லூயியின் துயரத்தை நான் வணங்குகிறேன். ஆனால் அவர் தூண்டிலைப் பரணில் ஏற்றியதைப் பின்பற்றுமாறு எவருக்கும் சொல்லமாட்டேன். பேணுபவர் முறிந்துபோனால் பேணப்படுபவருக்கு யார் இருக்கிறார்கள்? எங்கள் அன்பியத்துப் பெண்கள் இருவர் வியாழன்தோறும் மாலையில் அம்மையாரோடு அமர ஒப்புக்கொண்டனர். முதல் வியாழனன்று அவர் அரைமணி நேரத்தில் திரும்பிவிட்டார். மூன்றாம் வியாழனன்று இரண்டு கெளுத்தி மீன்களோடு வந்தார்.

சிகிச்சை முடிந்ததும் எல்லாம் முடிந்ததென்று உறவினர் எண்ணினர். அம்மையாரால் ஒரு குடம் நீரைத் தூக்க இயலவில்லை. அக்குளில் நிணக்கட்டிகளை அகற்றியதால் அந்தப் பக்கத்துக் கை வீங்கிற்று. அக்கையால் பாரம் தூக்கலாகாது, இரத்த அழுத்தம் பார்ப்பதும் ஊசி போடுவதும் கூடுமானவரை மறுகையில்தான். சுவரில் விரல்களை ஊன்றிச் சிறிது சிறிதாக மேலேற்றும் பயிற்சியைக் கணவர் சுவரில் பென்சிலால் கோடிட்டுச் செய்வித்தார். களைப்பு மாதக்கணக்கில் நீடித்தது. அது சோம்பலன்று என்று மருமகளுக்கு எடுத்துரைக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். குரு எழுதும் பக்கத்தில் இது ஏன் என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். மார்பை இழந்த மனைவி, கணவர் தம்மை இனி நோக்குவாரோ என்று அஞ்சுகிறாள். கணவரோ, தொட்டால் வலிக்குமோ என்று அஞ்சி விலகிப் படுக்கிறார். விலகலை அவள் வெறுப்பென்று கொள்கிறாள். இங்கும் முன்போலவே இருவர் மௌனம். கட்டை மாற்றும் வேலையைச் செவிலியிடமிருந்து தாமே கேட்டு வாங்கிக்கொண்டதைப் பற்றி அவர் என்னிடம் பெரிதாக எதுவும் கூறவில்லை. அம்மையார்தான் கூறினார்: "முதல் நாளே பார்த்துட்டாரு சாமி. பார்த்துட்டு, காயம் நல்லா ஆறிக்கிட்டு வருதுன்னு சொன்னாரு. அதுக்கப்புறம் எனக்குக் கண்ணாடி பயமில்லே."

இப்போது ஆறு மாதத்திற்கொரு முறை பரிசோதனை. அதற்கு முந்திய வாரம் இருவருக்கும் உறக்கம் இராது. சென்ற ஞாயிறன்று பூசை முடிந்ததும் அவர் என்னை முற்றத்தில் நிறுத்தி, நீர்மட்டம் இரண்டடி ஏறியிருப்பதாகச் சொன்னார். பின்னர்ச் சட்டைப்பையிலிருந்து மருத்துவமனை முத்திரையிட்ட படிவத்தை எடுத்துக் காட்டினார். வரும் செவ்வாய் இரவு சேலத்தில் ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரண்டு படுக்கைகள். அன்றைக் காலைப் பூசையை அம்மையாரின் கருத்துக்காக ஒப்புக்கொடுக்கும்படி கேட்டுவிட்டுத் தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.